சோழமண்டலத்து நத்தையும் தெரணியகலை ஓடையும்

கேகாலை மாவட்டத்துத் தெரணியகலையைக் கண்டறியாதவர்கள் அவ்வூரைப் பற்றி ஒரு செய்தியை மனத்திற் கொண்டாற் போதும்: அது நீரின் ஊர். சிவனொளிபாதமலையின் மேற்குச் சரிவிலே பெய்யும் மழை எண்ணற்ற ஓடைகளாகப் பிரிந்து, தேயிலையும் இறப்பரும் நிறைந்த தோட்டங்களின் ஊடாக இறங்கிச் சீதாவாக்கை கங்கையிற் சேர்கின்றது. அக்கங்கை தெரணியகலையைத் தழுவிச் சென்று, பதினாறாம் நூற்றாண்டில் மாயாதுன்னையும் முதலாம் இராசசிங்கனும் அரசு வீற்றிருந்த அவிசாவளையைக் கடந்து, களனி கங்கையோடு கலந்து, கொழும்பிற்கு அருகே கடலை அடைகின்றது. லயத்துப் பீலிக்கரையிலே குடத்தை வைத்துவிட்டு முறைக்காகக் காத்து நிற்கும் பெண்ணின் குடத்தில் விழுவதும், தலைநகரத்து வீடுகளிலே குழாயைத் திறந்தால் வருவதும் இந்தக் களனிப் படுகையின் நீரேயாகும்.

மழை ஓய்ந்து நீர் தெளிந்த ஒரு காலை வேளையிலே இம்மலைச்சாரலின் ஓடை ஒன்றில் இறங்கி இரண்டு இடங்களை உற்றுப் பாருங்கள். நீர் விசையோடு பாயும் இடத்திலே, கருங்கல்லை இறுகப் பற்றிக்கொண்டு, உருண்டு தடித்த ஓட்டுடன் இருக்கும் நத்தை ஒருவகை. வேகம் தணிந்து மணலும் சேறும் படிந்த தாழ்வான இடங்களிலே, திருகாணிபோல் முறுகி நீண்டு கூர்ந்த ஓட்டுடன் புதைந்திருக்கும் நத்தை மற்றொரு வகை. முன்னையதை விஞ்ஞானிகள் பாலுடோமஸ் என்பர். பின்னையதை மெலனாய்டிஸ் டியூபர்குலேட்டா என்பர். பேச்சின் வசதிக்காக முதலாவதைக் கல்நத்தை என்றும், இரண்டாவதைத் திருகுநத்தை என்றும் நாம் அழைப்போம். ஒரே நீரிலே வாழும் இவ்விரண்டின் வரலாறும் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறானவை. ஒன்று தான் பிறந்த மலையை விட்டு அகலாதது. மற்றதோ உலகத்தையே வலம் வந்தது.

நத்தைக்குப் பழந்தமிழ்ப் பெயர் நந்து. தொல்காப்பியர் மரபியலிலே உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபொழுது, நந்தினை ஈரறிவுயிர்களின் வரிசையில் வைத்தார். தொட்டறிதலும் சுவைத்தறிதலுமே அதற்கு உரியன என்பது அவர் வகுப்பு. நெடுவழியை நோக்கவோ, அழைப்பார் குரலைக் கேட்கவோ இயலாத அத்தகைய சிற்றுயிர், ஒரு பகலிலே ஒரு முற்றத்தைக் கடக்கவும் தயங்கும் மெல்லுயிர், மாகடல்களைத் தாண்டி அமெரிக்காவின் ஆறுகளிலே குடியேறியது எங்ஙனம்? விடை மிக எளியது. அது செல்லவில்லை, கொண்டு செல்லப்பட்டது. கொண்டு சென்றவர் யார், அதனால் விளைந்த நன்மை யாது, தீமை யாது என்பதே இன்றைய நமது ஆராய்ச்சி.

திருகுநத்தையின் எழுத்து வடிவான வரலாறு நமது சோழமண்டலக் கரையிலே தொடங்குகின்றது. ஒட்டோ பிரெடரிக் முல்லர் என்பவர் டென்மார்க் நாட்டிற் பிறந்த இயற்கை நூலறிஞர். அவர் 1774ஆம் ஆண்டில் இந்நத்தையை விவரித்து இலத்தீன் மொழியிலே பெயர் சூட்டினார். எந்த உயிரினத்திற்கும் முதன்முதற் பெயரிடும்பொழுது அது கிடைத்த இடத்தையும் குறிப்பது அறிவியல் மரபு. முல்லர் குறித்த இடம் சோழமண்டலக் கரை. டென்மார்க்கிற்கும் நமது கரைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். 1620ஆம் ஆண்டு தொடக்கம் 1845ஆம் ஆண்டு வரை தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்தது. அங்கே அவர்கள் கோட்டை கட்டினார்கள்; அங்கிருந்து கோபன்கேகன் துறைமுகத்திற்குக் கப்பல்கள் ஓடின. மிளகும் துணியும் சென்ற அக்காலத்திலே, சிப்பியும் சோழியும் செல்வர் வீட்டுக் காட்சிப் பேழைகளுக்காகச் சென்றன. நமது குளத்துச் சேற்றிலே எவராலும் கவனிக்கப்படாது கிடந்த ஒரு நத்தை உலக அறிவின் ஏட்டிலே இடம் பெற்ற கதை இதுவாகும்.

இந்நத்தையை இதே பெயரோடு இன்றைக்கு மீன் தொட்டிக் கடைகளிலே கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் இதனை மலாயா நத்தை என்பர். உண்மையிலே இது மலாயாவுக்கு மாத்திரம் உரியதன்று. சோழமண்டலத்திற்கு மாத்திரம் உரியதும் அன்று. ஆபிரிக்காவின் பல பகுதிகள், மத்திய கிழக்கு, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா என்னும் பெரும் பரப்பு முழுவதும் பண்டுதொட்டு இதற்குத் தாயகமேயாகும். ஆகவே இலங்கையிலே இது அந்நியன் அன்று. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்கு வேண்டியிருக்கும்.

இனி, இந்நத்தையின் உடலமைப்பைச் சிறிது நோக்குவோம். அதன் வெற்றியின் மறைபொருள் அங்கேதான் உள்ளது. முழு வளர்ச்சி பெற்ற ஓடு பெரும்பாலும் ஓர் அங்குல நீளம் கொண்டது. வாயிலை அடைக்க ஒரு மூடி உண்டு. வறட்சி வந்தாலோ, நீர் கெட்டாலோ உள்ளே ஒடுங்கிக் கதவைச் சாத்திக்கொள்ளும். பகலிலே சேற்றினுள் மறைந்திருந்து இரவிலே வெளிவந்து பாசியையும் மக்கிய இலையையும் மேயும். சிறிது உப்பேறிய நீரிலும் அது பிழைக்கும். இவை யாவற்றிலும் வியப்பானது அதன் பிறப்பு முறை. நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பது நமது பழமொழி. இந்நத்தையின் உடலினுள்ளோ, தலைக்குப் பின்னேயுள்ள ஒரு பையிலே, குஞ்சு நத்தைகள் ஓடும் மூடியும் உடையனவாகவே உருவாகி வெளிவருகின்றன. இக்கூட்டத்திலே பெரும்பாலானவை பெண்களே. ஆணின் துணையின்றியே அவை குஞ்சு ஈனும் ஆற்றல் பெற்றவை.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். யானை ஒன்றைத் தனியே ஒரு தீவில் விட்டால் அதனோடு அதன் மரபு முடிந்தது. மீன் ஒன்றைத் தனியே ஒரு குளத்தில் விட்டாலும் பெரும்பாலும் அவ்வாறே. திருகுநத்தை ஒன்றை விட்டால், ஒன்றே போதும். நீர்ச்செடியின் வேரிலே ஒட்டிய கடுகளவுக் குஞ்சு ஒன்று, ஒரு நாட்டின் ஆற்றையே நிரப்பிவிடக் கூடும். இயற்கை அதற்குக் கால்களைக் கொடுக்கவில்லை. ஆனால், எங்கே இறக்கிவிட்டாலும் குடும்பம் தொடங்கும் வல்லமையைக் கொடுத்தது. இறக்கிவிடும் வேலையை மனிதன் ஏற்றுக்கொண்டான்.

முற்காலத்திலே வெள்ளமும், பறவையின் காலில் ஒட்டிய சேறும், ஆற்றிலே மிதந்து செல்லும் செடியுமே நத்தைகளை இடம் பெயர்த்தன. அவ்வழிகள் மெதுவானவை, கடல் என்னும் வேலியைத் தாண்டுதல் அரிது. இருபதாம் நூற்றாண்டிலே புதிய வழி ஒன்று திறந்தது. கண்ணாடித் தொட்டியிலே வண்ண மீன்களை வளர்க்கும் பொழுதுபோக்கு மேனாடுகளிலே பரவியது. மீனுக்கு நிழலாக நீர்ச்செடி வேண்டும். நீர்ச்செடி வெப்ப நாடுகளிலிருந்து வரவேண்டும். செடியோடு நத்தையும் சென்றது. தொட்டியிலே நத்தை பெருகியதும் அதை வைத்திருந்தவர் சலிப்படைந்தார். நீரோடு சேர்த்து அருகிலிருந்த வாய்க்காலிலே கொட்டினார். அவருக்கு அது ஒரு நிமிட வேலை. அந்த வாய்க்காலுக்கோ அது ஒரு புதிய யுகத்தின் தொடக்கம்.

1964ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோ நகரிலே இந்நத்தை குடியேறியிருப்பது பதிவாயிற்று. 1967இல் பிரேசில் நாட்டுச் சந்தோஸ் துறைமுக நகரிலே காணப்பட்டது. பின்னர் அப்பெருநாட்டின் ஆறுகளிலும் நீர்த்தேக்கங்களிலும் பரவிற்று. 1979இல் கரிபியக் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கிற்கு வந்து சேர்ந்தது. மார்த்தினிக் என்னும் பெயர் தமிழர்க்கு அந்நியமானதன்று. 1853ஆம் ஆண்டு தொடக்கம் புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்கள் கப்பலேற்றப்பட்ட தீவு அது. நூற்றிருபத்தாறு ஆண்டுகள் கழித்து, சோழமண்டலத்தின் பெயரால் உலகறிந்த நத்தையும் அதே தீவிலே கரையேறியது.

அத்தீவிலே அது செய்த நன்மையைச் சொல்லாது விடுதல் நீதியன்று. நீரிலே இறங்குவோரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குருதிக் குழாய்களிலே தங்கி, உடலை உருக்கும் ஒரு புழு உண்டு. அப்புழு விளைக்கும் நோயைப் பில்ஹார்சியா என்பர். அது மனிதனிடமிருந்து நேரே மனிதனுக்குத் தொற்றுவதில்லை. இடையிலே குறிப்பிட்ட ஒரு நன்னீர் நத்தையின் உடலிலே தங்கி வளர்ந்த பின்னரே மனிதனைத் தாக்கும். கரிபியத் தீவுகளிலே அவ்வாறு இடங்கொடுத்தது, தட்டையாகச் சுருண்ட ஓடுடைய பயோம்பலேரியா என்னும் நத்தை. மார்த்தினிக்கிலே நீர்க்கீரை பயிரிடும் பாத்திகள் அந்நத்தையின் உறைவிடமாயிருந்தன. ஆகவே கீரை பறிப்போரின் கால்களே நோய்க்கு வாயிலாயின. 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் அப்பாத்திகளிலே திருகுநத்தையை வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டனர். அது பல்கிப் பெருகி இடத்தையும் உணவையும் பற்றிக்கொள்ள, நோய் சுமந்த நத்தை அருகி மறைந்தது. நச்சு மருந்து தெளியாமலே ஒரு நோயின் வழியை அடைத்த செயலாக அது போற்றப்படுகின்றது.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால் அனைவர்க்கும் மகிழ்ச்சியே. ஆனால், ஒரு நத்தையை வெளியேற்றும் வல்லமை உடையது, எந்த நத்தையை வெளியேற்றவேண்டும், எதை விட்டுவைக்கவேண்டும் என்று நம்மைக் கேட்டுச் செய்வதில்லையன்றோ? டெக்சாசிலே கோமல் என்னும் சிற்றாறு ஒன்று உண்டு. ஊற்றுநீரிலே பிறந்து தெளிந்து ஓடும் ஆறு அது. அவ்வாற்றிலும் அதனை அடுத்த சான் மார்க்கோஸ் ஆற்றிலுமன்றி உலகிலே வேறெங்கும் இல்லாத, விரல் நீளமும் வராத ஒரு சிறு மீன் அங்கே வாழ்கின்றது. 1996ஆம் ஆண்டிலே அம்மீன்களின் செவுள்கள் வீங்கியிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். காரணம் ஆசியாவிலிருந்து வந்த ஓர் ஒட்டுண்ணிப் புழு. அது நாரையின் குடலிலே வளர்ந்து, அதன் எச்சத்தோடு நீரில் விழுந்து, திருகுநத்தையினுள்ளே பெருகி, அங்கிருந்து வெளிவந்து மீனின் செவுளைப் பற்றுகின்றது. நத்தை தனியே குடிபுகவில்லை. தன்னால் மட்டுமே வாழக்கூடிய நோயையும் உடன் குடியேற்றியது.

மற்றொரு நிகழ்ச்சி ஆபிரிக்காவின் மலாவி ஏரியிலே நடந்தது. அவ்வேரியிலே பன்னெடுங் காலமாகத் தனித்து வளர்ந்த திருகுநத்தை வகைகள் பல உண்டு. அண்மைக் காலத்திலே அவற்றோடு உருவத்தால் மிக ஒத்த நத்தைகள் ஏரியின் தெற்குப் பகுதியிலே பெருகின. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே தோன்றியமையால் எவரும் ஐயுறவில்லை. 2004ஆம் ஆண்டிலே வெளிவந்த ஓர் ஆய்வு, அவற்றின் மரபணுவைச் சோதித்து, அவை ஆசியாவிலிருந்து வந்த வம்சம் என்று காட்டியது. தன்னைப் போலவே உடுத்தி, தன் மொழியையே பேசி, தன் வீட்டினுள்ளே நுழைந்துவிட்ட ஒருவனை வீட்டுக்காரன் அடையாளங் காணாத நிலை அது. அந்நியத் தோற்றமுடையதே ஆபத்தென்று எண்ணியிருப்போர்க்கு மலாவி ஏரி ஒரு பாடமாகும்.

நேயர்களே, உலகப் பயணத்தை முடித்துக்கொண்டு தெரணியகலை ஓடைக்குத் திரும்புவோம். அங்கே கருங்கல்லைப் பற்றியிருந்த கல்நத்தையை நாம் மறந்துவிடலாகாது. பாலுடோமஸ் என்னும் இனக் குழு தென்னிந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் உண்டெனினும், இலங்கையிலே அதன் வகைகளுட் பல இத்தீவிலன்றி வேறெங்கும் காணப்படாதவை. அவற்றின் உறைவிடம் ஈரவலயத்து மலையோடைகள். தெளிந்த நீர், விசையான ஓட்டம், பற்றிக்கொள்ளக் கல் ஆகிய மூன்றும் அவற்றுக்கு வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இலங்கையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த எட்கர் லேயார்ட் என்னும் ஆங்கிலேயர், பறவைகளை ஆராய்ந்தது போலவே இவற்றையும் தேடிச் சேகரித்தார். ஓடைக்கு ஓடை இவற்றின் ஓடு வேறுபடும். ஓரிடத்திலே வழவழப்பாகவும், ஓரிடத்திலே முள்ளும் முடிச்சுமாகவும் அமையும். அதனால், இலண்டனிலே ஓடுகளை மட்டும் கண்டு எழுதியவர்கள் ஒரே இனத்திற்குப் பற்பல பெயர்களைச் சூட்டிவிட்டனர்.

அந்தச் சிக்கலை அவிழ்க்கும் பணி 1970ஆம் ஆண்டிலே நடைபெற்றது. வியன்னாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேர்டினாண்ட் ஸ்டார்மூல்னரும், களனியிலிருந்த வித்தியாலங்காரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எச். எச். கொஸ்தாவும் கூடி இலங்கையின் மலையோடைகளை ஆராய்ந்தனர். நீரின் வேகம், வெப்பம், அடித்தளம் ஆகியவற்றோடு எந்த நத்தை எங்கே வாழ்கின்றது என்பதையும் குறித்தனர். இலங்கையின் நன்னீர் நத்தைகளைப் பற்றிய ஸ்டார்மூல்னரின் விரிவான அறிக்கை 1974இல் வெளிவந்தது. ஓடையின் தன்மையே நத்தையின் விதி என்பதை அவ்வாராய்ச்சி நமக்கு உணர்த்துகின்றது. பாயும் நீரும் கல்லும் உள்ள இடம் கல்நத்தைக்கு உரியது; தணிந்த நீரும் படிவும் உள்ள இடம் திருகுநத்தைக்கு உரியது.

கல்நத்தைக்கும் இந்நாட்டு மனிதனுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. தெரணியகலைக்குத் தெற்கே, இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்ட என்னும் ஊருக்கு அண்மையிலே பட்டதொம்பலென என்றொரு மலைக்குகை உண்டு. நமது ஊரின் பெயரையே தம் பெயராக உடைய தொல்லியலாளர் சிரான் தெரணியகலை அதனை அகழ்ந்தார். முப்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னதாகவே அங்கு மனிதர் வாழ்ந்தனர். அவர்கள் விட்டுச் சென்ற சாம்பலினூடே குரங்கின் எலும்பும், காட்டுக் கொட்டைகளும், மரத்து நத்தைகளின் ஓடுகளும், ஓடையிலே பொறுக்கிய கல்நத்தைகளின் ஓடுகளும் குவிந்து கிடந்தன. தேயிலையும் இறப்பரும் வருமுன், அரசுகள் தோன்றுமுன், நெல்லும் விதைக்கப்படுமுன், இம்மலைநாட்டின் தாய்மார் தம் பிள்ளைகளுக்கு ஊட்டிய உணவு அது. அவ்வளவு பழைய உறவினன் இன்று நம் கண்முன்னே ஓசையின்றி ஒதுங்குகின்றான் எனில் அது சிறு செய்தியன்று.

அவன் ஏன் ஒதுங்க நேர்கின்றது? திருகுநத்தை இலங்கைக்கு அந்நியன் அன்று என்று முன்னர்க் கூறினேன். தாழ்நிலத்துக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் அது பண்டுதொட்டே வாழ்ந்தது. மலையோடையின் விசையே அதனை மேலேறவிடாது தடுத்த வேலி. அந்த வேலியை நாமே பிரிக்கின்றோம். சரிவிலே காட்டை வெட்டி மண்ணைத் திறந்துவிட்டால், ஒவ்வொரு மழையும் மண்ணை ஓடைக்குக் கொண்டுவருகின்றது. கற்களின் இடுக்குகள் சேற்றால் நிரம்புகின்றன. கல்லைப் பற்றி வாழ்வதற்கு இடமில்லாது போகின்றது. சேற்றிலே வாழ்வதற்கு விருந்து விரிக்கப்படுகின்றது. மண்ணரிப்பின் கேட்டை இந்நாடு அறியாததன்று. 1951ஆம் ஆண்டிலேயே மண் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் வயலையும் தோட்டத்தையும் கருதியே நாம் மண்ணைப் பற்றிக் கவலைப்பட்டோம். மண் சென்று விழும் ஓடையை எண்ணினோமில்லை.

இதனோடு மற்றொன்றும் சேர்ந்தது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் அருவிகளிலே இப்பொழுது சிறு நீர்மின் நிலையங்கள் பல அமைந்துள்ளன. மின்சாரம் நாட்டுக்கு வேண்டியதே, அதனை மறுப்பாரில்லை. ஆனால், ஓடையை மறித்து நீரைக் குழாயிலே திருப்பும்பொழுது, அணைக்கு மேலே ஓட்டம் தணிந்து படிவு சேர்கின்றது. அணைக்குக் கீழே மின்னிலையம் வரையுள்ள பகுதியிலே கற்கள் வெயிலிலே காய்கின்றன. மேலேயுள்ள இடம் திருகுநத்தைக்கு ஏற்றதாகின்றது. கீழேயுள்ள இடம் கல்நத்தைக்கு ஏலாததாகின்றது. கப்பலும் விமானமும் இல்லாமலே, தன் சொந்த நாட்டினுள்ளேயே ஓர் உயிர் இன்னோர் உயிரின் மனையைப் பெறும் முறை இது. இங்கே நத்தையைக் கொண்டுசென்றது செடியன்று. நாம் ஓடைக்குச் செய்த மாற்றமே.

உள்ளிருந்து வரும் மாற்றம் இவ்வாறிருக்க, வெளியிலிருந்து வருவதும் நின்றபாடில்லை. நமது வயல்களிலும் குளங்களிலும் பெரிய உருண்டையான ஓடுடைய வயல்நத்தை ஒன்று உண்டு. அதனைப் பைலா என்பர். தமிழ்நாட்டிலே வயல் வேலை செய்யும் ஏழை மக்கள் அதனைச் சமைத்து உண்பது வழக்கம். அதனையொத்த தென்னமெரிக்க நத்தை ஒன்று, மஞ்சள் நிறத்தின் அழகு கருதி மீன் தொட்டிகளுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, தொட்டியிலிருந்து தப்பி நீர்நிலைகளிலே குடியேறிவிட்டது. 2008ஆம் ஆண்டிலே வெளிவந்த மரபணு ஆராய்ச்சியிலே, அது அமேசன் படுகையைத் தாயகமாகக் கொண்ட பொமேசியா டிஃபியூசா என்பது தெளிவாயிற்று. பெரும்பாலும் பாசியையும் மக்கியதையும் உண்பதால் பயிருக்கு அது பெருங்கேடு விளைப்பதன்று.

ஆனால், அதற்கு ஒரு நெருங்கிய உறவினன் உண்டு. பொமேசியா கனாலிக்குலேட்டா என்னும் அந்நத்தை 1980ஆம் ஆண்டளவிலே உணவுப் பொருளாக வளர்க்கும் நோக்கத்தோடு தென்னமெரிக்காவிலிருந்து தைவானுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதன் சுவை மக்களுக்குப் பிடிக்கவில்லை, சந்தை விழுந்தது, வளர்த்தவர்கள் கைவிட்டார்கள். நத்தை வயலுக்குள் இறங்கியது. சில ஆண்டுகளுக்குள்ளேயே யப்பானிலும் பிலிப்பைன்சிலும் புதிதாக நட்ட நெல் நாற்றை அடியோடு கத்தரிக்கும் பகையாக அது மாறிற்று. இலாபத்தை எண்ணிக் கொண்டுவந்தவர் சிலர். இரவெல்லாம் விளக்கோடு வயலிலே நத்தை பொறுக்கியவர் பலர். 2000ஆம் ஆண்டிலே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் நிபுணர்கள் வெளியிட்ட, மிகக் கொடிய நூறு அந்நிய உயிர்களின் பட்டியலிலே அதற்கும் இடம் கிடைத்தது. கமக்காரர்கள் ஓர் அடையாளத்தை நினைவிற் கொள்ளலாம். நமது வயல்நத்தையின் முட்டைகள் வெள்ளை நிறமானவை, ஈரமண்ணிலே கிடக்கும். கனாலிக்குலேட்டாவின் முட்டைகள் பளிச்சென்ற இளஞ்சிவப்பு நிறமானவை. நீர்மட்டத்திற்கு மேலே நாற்றின் தண்டிலும் கல்லிலும் கொத்தாக ஒட்டியிருக்கும்.

இத்தகைய அனுபவம் இலங்கைக்குப் புதிதன்று. தோட்டங்களிலே மழைக்காலத்தில் மரமேறி மேயும் பெரிய ஆபிரிக்கத் தரை நத்தையை அறியாதவர் நம்மிடையே இல்லை. 1847இல் பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரீசியசுத் தீவிலிருந்து அதனைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து விட்டார். 1900ஆம் ஆண்டளவிலே அது இலங்கைக்கும் வந்தது. ஆகாயத்தாமரை என்று நாம் வழங்கும் நீர்ப்பூண்டும் அதே காலத்திலே பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. அது சில ஆண்டுகளுக்குள்ளே நீர்நிலைகளை மூடிவிடவே, 1909ஆம் ஆண்டிலே அதனை ஒழிப்பதற்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் பிறப்பிக்கவேண்டியதாயிற்று. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பூண்டு நமது குளங்களிலே பூக்கின்றது. சட்டம் துறைமுகத்தைக் காக்கும். துறைமுகத்தைத் தாண்டி வீடுதோறும் இருக்கும் கண்ணாடித் தொட்டியைக் காப்பது சட்டத்தால் ஆவதன்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். கொண்டுவரப்பட்ட உயிரின்மீது பழி சுமத்துவது எளிது. பெயர்த்து நடப்பட்ட ஒன்றை, நீ ஏன் இங்கே வந்தாய் என்று கேட்பது உலகத்தின் பழைய வழக்கம். அக்கேள்வியின் சுமை எத்தகையது என்பதை மலையகத்துத் தோட்டங்களிலே வாழும் நம் மக்களுக்கு நான் எடுத்துக் கூறவேண்டியதில்லை. மனிதனை நத்தையோடு ஒப்பிடுதல் தகாது. மனிதன் வந்த மண்ணை உழைப்பால் வளமாக்கியவன். ஆயினும் கேள்வியைச் சரியான இடத்திலே கேட்கும் நேர்மை இரண்டிற்கும் பொதுவானது. நத்தை எந்தக் கப்பலுக்கும் சீட்டு வாங்கவில்லை. பொழுதுபோக்குக்காகவும், ஆதாயத்திற்காகவும், சிலவேளை நன்மை கருதியும் மனிதனே அதனைச் சுமந்தான். ஆகவே விடை சொல்லவேண்டியவன் சுமந்தவனே.

விடை சொல்வதற்கு நம்மால் ஆவது என்ன? மூன்று காரியங்கள் போதும். வீட்டிலே மீன் தொட்டி வைத்திருப்போர், வேண்டாத நீரையும் செடியையும் நத்தையையும் ஓடையிலோ வாய்க்காலிலோ கொட்டாதிருத்தல் வேண்டும். நீரைக் காய்ந்த மண்ணிலே ஊற்றிச் செடியையும் நத்தையையும் வெயிலிலே நன்கு உலர்த்தி ஆழப் புதைத்தால் தீர்ந்தது. ஓடையின் இரு கரையிலும் உள்ள மரத்தையும் புல்லையும் வெட்டாது விட்டால், மண் நீரில் இறங்காது தடுக்கப்படும். கல் கல்லாகவே இருக்கும். மூன்றாவதாக, பள்ளிப் பிள்ளைகள் தம் ஊர் ஓடையின் நத்தைகளைப் பார்த்துப் பழகவேண்டும். எது கல்லில் இருக்கிறது, எது சேற்றில் இருக்கிறது, சென்ற ஆண்டில் இருந்தது இவ்வாண்டில் இருக்கிறதா என்று ஒரு குறிப்பேட்டிலே எழுதி வைக்கவேண்டும். மலாவி ஏரியிலே எவரும் கவனியாததே வந்தவனுக்கு வாய்ப்பாயிற்று என்பதை நாம் கண்டோம். லேயார்ட் கடல் கடந்து வந்து செய்த வேலையை, ஓடைக்கரையிலே பிறந்த பிள்ளை செய்ய முடியாதென்பதில்லை.

நேயர்களே, சோழமண்டலத்துத் திருகுநத்தை உலகத்தைச் சுற்றிவிட்டது; அதனைத் திருப்பி அழைக்க எவராலும் இயலாது. அது எங்கே சென்றாலும் பிழைத்துக்கொள்ளும். கல்நத்தைக்கு அந்தத் திறமை இல்லை. அதற்குத் தெரிந்த உலகம் ஒரு மலை, ஓர் ஓடை, ஒரு கல். அதனை வேறெங்கும் கொண்டுபோய்க் காப்பாற்ற முடியாது. இருக்கும் இடத்திலேதான் காப்பாற்ற முடியும். அடுத்த முறை தெரணியகலைப் பக்கத்து ஓடையிலே கால் நனைக்கும்பொழுது, கல்லைப் புரட்டிப் பாருங்கள். நத்தையைக் கண்டு மகிழுங்கள். பின்னர், அந்தக் கல்லை இருந்தபடியே வைத்துவிட்டு வாருங்கள்.